மழை என்ற எழுத்து

இடக்கையில் தட்டு. வலக்கை பொறுக்கும்.
கண் கையெழுத்துப் பிரதியைவிட்டு நகரக்கூடாது.
தோயாமா வளைகுடாவை ஒட்டிய எங்கள் ஊரில்
ஆண்களைக் கப்பலேற்றிய பிறகு
அச்சகத்துக்குப் பதினோரு பெண்களை எடுத்தார்கள்.
எங்கள் மொழிக்கு எழுத்து ஆயிரக்கணக்கில்;
சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள்.
எது எங்கே என்று
மனப்பாடம் செய்வது விரல், தலை அல்ல.

அதனால் எனக்குத் தெரியும்
எந்தச் சொல் தேய்ந்தது,
எந்தச் சொல் தூசி தின்றது.

முதலில் தூசி தின்றது மழை.
போர் என்று அறிவித்த கையோடு
வானிலைக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.
மேகம் எங்கே நிற்கிறது என்பது
எதிரிக்குப் பயன்படுமாம்.
அந்த மூலையில் சேமிப்புப் பத்திர விளம்பரம் வந்தது.
ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது,
உள்ளே அது ராணுவ ரகசியம்.

இரண்டாம் குளிர்காலத்தில்
‘பின்வாங்கினர்’ என்று கோத்து முடித்திருந்தேன்.
தொலைபேசி அடித்தது.
பிழைதிருத்தும் குராமோத்தோ
எழுந்து நின்று கேட்டுவிட்டு வந்து
‘அதை எடு’ என்றார்.
பதிலுக்கு இரண்டே எழுத்து:
திரும்பு. முன்னேறு.
திரும்பி முன்னேறினார்கள் நம் வீரர்கள்,
தீவுக்குப் பின் தீவாக.

ஒரே பருவத்தில் அந்த எழுத்துகள் மழுங்கிவிட்டன.
வார்ப்புக்கூடத்து யசுகிச்சியிடம் நாற்பது கேட்டேன்.
‘இவ்வளவு முன்னேறினால்
வீட்டுக்கே வந்துவிடுவார்களே’ என்றார்.
அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

பிறகு, வடக்கே ஒரு பனித்தீவில்
மணிகள் சிதறின.
ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பதற்கு
அப்படி ஒரு சொல் வந்திறங்கியது, தலைநகரத்திலிருந்து.
அழகான சொல். கோக்கும்போது கை நடுங்கவில்லை.
அதைத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

நம்பினாயா என்று கேட்கிறார்கள்.
நானே பொறுக்கி, நானே அடுக்கிய வரி
காலையில் தாளில் வரும்போது
வேறு யாரோ, பெரியவர் யாரோ,
சொன்னதுபோல் இருந்தது.
நம்பினேன்.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது
பழங்காலத் தண்டனை.
நாங்கள் ஆறவைத்து
வரி வரியாக, வாசல் வாசலாக.

அந்த அக்டோபரில்
கானாங்கெளுத்திக்குப் போன மூன்று படகுகள் திரும்பவில்லை.
புயல் வருவது நிலையத்துக்குத் தெரியும்,
துறைமுகத்துக்குத் தெரியாது.
மினே வந்தாள், புருஷன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு.
‘புயலில்’ என்று போட முடியாது என்றார் குராமோத்தோ.
‘கடலில்’?
அதுவும் வேண்டாம்.
‘அப்படியானால் எதில் செத்தார் என்று போடுவீர்கள்?’
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சதாசோ, வயது முப்பத்தாறு, காலமானார்.
நான்தான் கோத்தேன்.
காலத்தில் செத்தார், வேறென்ன.

எல்லாம் முடிந்த ஆகஸ்டில்
வானிலைக் கட்டம் திரும்பி வந்தது.
இரண்டு அங்குலம்.
விரல் நேராக ‘மழை’ அறைக்குப் போனது,
நடுவில் ஒருநாளும் விடுப்பு எடுக்காததுபோல.
தேயாத எழுத்து. முனை விரலைக் கீறியது.
நாளை மழை இல்லை, தென்காற்று என்று கோத்தேன்.

ராத்திரி கொட்டித் தீர்த்தது.
மினே உலரவைத்திருந்த வள்ளிக்கிழங்குச் சீவல்
அத்தனையும் கூழ்.
காலையில் வந்து நின்றாள், ஈரத்தாளைப் பிடித்துக்கொண்டு,
ஒன்றும் சொல்லாமல்.

குராமோத்தோ தொலைபேசியைப் பார்த்தார்.
அது அடிக்கவில்லை.
இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு பென்சிலை எடுத்துத் தானாகவே எழுதினார்:
நேற்று நாங்கள் சொன்னது தவறு.

தட்டை ஏந்திக்கொண்டு சுவரிடம் போனேன்.
‘நேற்று’ கிடைத்தது. ‘நாங்கள்’ கிடைத்தது.
‘தவறு’ எந்த அறையில் என்று
விரலுக்குத் தெரியவில்லை.
மேல்வரிசையிலிருந்து
ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன்.
மினே காத்திருந்தாள்.